தங்கையின் நோட்டில் இருந்து எடுத்த பாட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே உனக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதுதான் தினமும் நான் வேண்டிக்கொள்வது, ஆனால் மனசு நன்றாக இல்லை, அதை மறைத்து எழுத எனக்கு வராது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்தில் லிஃப்ட் ஓடாதாம், அதனால் எல்லா மாடிக்கும் நடந்தே ஏற வேண்டியிருக்கிறதாம், இதையே வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா, வலி விட்டுவிட்டது என்று சும்மா இருந்துவிடாதே. போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், போன வாரமும் அப்படித்தான் மழுப்பினாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரை படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சின்னவள் சாப்பிடாமல் கொள்ளாமல், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டு, சுவரைப் பார்த்தே படுத்துக்கிடந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே உட்கார்ந்தவள், நாம் நெட்டைக்கொக்கு என்று கூப்பிடுவோமே அந்தப் பெண், வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு இவளைக் கழற்றிவிட்டது அப்போது எனக்குத் தெரியாது. இவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். தப்புதான், பயத்தில் செய்த தப்பு. “பக்கத்து இடம் காலியா இருக்கு. அங்க என் பையை வெச்சிருக்கேன். யாரோ வரப்போறாங்கன்னு மத்தவங்க நினைச்சுக்கட்டும்” என்று எழுதியிருந்தாள். பதினைந்து வயதுப் பெண். அம்மாவிடம் சொல்லாததை அண்ணனிடம் சொல்வாள் என்று அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பி, நாலு வார்த்தை பேசுடா என்று கேட்டேன். நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய், அவ்வளவுதான். வேலை நெருக்கடியாக இருக்கும் என்று உனக்காக நானே சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதைத்தான் முணுமுணுத்தாள். பையை வெச்சேன் பக்கத்துல, வந்து உட்காரு வெட்கத்துல, ஏய் ஏய் ஏய் ஏக்கத்துல. ஊசி பிடித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை. உடனே வெளியே வந்து உனக்கு போன் போட்டேன், நீ கொஞ்சம்கூடக் கூசாமல் எல்லாவற்றையும் விளக்கினாய். உன் கம்பெனியில் தானாகவே பாட்டுக் கட்டி வெளியிடுகிற கம்ப்யூட்டர் கருவி ஒன்று இருக்கிறதாம். பதிமூன்று முதல் பதினேழு வயதுக்காரர்களுக்கு என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டுமாம், சோகமா காதலா என்று இன்னொரு கட்டமாம், பாட்டு எவ்வளவு தூரம் மனதில் ஒட்ட வேண்டும் என்பதற்கு இழுத்து வைக்கிற கோடு ஒன்றாம், அதை நீ கடைசி வரைக்கும் இழுத்தாயாம். கீழே ஒரு காலிப் பெட்டி, அதில் மூலப்பொருள் போட வேண்டுமாம், நான் அனுப்பிய நோட்டுப் பக்கத்தை நீ அதில் போட்டாயாம். ஒரு நிமிஷத்தில் ஒன்பது பாட்டு, நாலாவது தேறிவிட்டது என்றாய். “பேரே போடலையேம்மா, யாருக்குத் தெரியப்போகுது” என்றாய்.

ஊரார் சளியையும் சிறுநீரையும் மலத்தையும் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிறவள் நான், அருவருப்பு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நீ மூலப்பொருள் என்று சொன்னபோது அது திரும்பி வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் குப்பியில் கொடுத்ததை எந்தச் சோதனைக்குக் கொடுத்தாரோ அதற்கு மட்டும்தான் எடுப்போம், மிச்சத்தை அழித்துவிடுவோம், வேறு எதற்காவது வேண்டுமென்றால் அவரைக் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். மூத்திரத்துக்கே இவ்வளவு மரியாதை இருக்கிறது. உன் தங்கையின் அழுகைக்கு அதுகூட இல்லாமல் போய்விட்டதா? அந்தக் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் அங்கே ஒரு பையன்தான் வந்து உட்கார வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. அவள் வெட்கத்தில் அந்தப் பையை வைக்கவில்லையடா, அவமானத்தில் வைத்தாள். நடுவில் மூன்று ஏய் வேறு. உனக்குப் படித்துப் பார்க்கவாவது கூசவில்லையா? இதில் என் பங்கும் இருக்கிறது, நான் அனுப்பாமல் உனக்கு எப்படிக் கிடைத்திருக்கும். என்னை நினைத்தாலும் எனக்கு அதே அருவருப்புதான்.

இதைவிட மோசமானது இனிமேல்தான். சின்னவளுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போய்விட்டது. காதில் மாட்டிக்கொண்டு விடாமல் கேட்டாள், கேட்டுக் கேட்டு அப்பாவுக்கும் தொற்றி அவர் சவரம் செய்யும்போது விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார், நான் எரிந்து விழுந்தேன், மனுஷனுக்கு ஏனென்று புரியாமல் பாதிக் கன்னத்தில் நுரையோடு விழித்தார். ஒரு நாள் இவள் என்னிடம் வந்து, எங்கேயோ தன்னை மாதிரியே இன்னொருத்தி பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தான் மட்டும் இல்லை என்று சொன்னாள். முகம் தெளிந்திருந்தது. சாப்பிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அடம்பிடிக்காமல் போனாள். நானும் இப்படியே போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒட்டிய கவரோடு வந்து நின்றாள். பாட்டு எழுதினவளுக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாளாம், அண்ணன் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறான், எழுதினவள் யார் என்று கேட்டு விலாசம் வாங்கிக் கொடு என்றாள். அந்தக் கவரைப் பார்த்த பிறகு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நோட்டைத் திறந்தது, படமெடுத்தது, நீ பெட்டியில் போட்டது எல்லாவற்றையும் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் கத்துவாள், எதையாவது எறிவாள் என்று எதிர்பார்த்தேன். நோட்டைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப அந்த இன்னொருத்தி இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை, நோட்டையும் கிழித்துப் போட்டுவிட்டாள், அதை நான் சம்பாதித்துக்கொண்டேன், குறை சொல்லவில்லை. இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தக் கவரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மேலே உன் விலாசம் எழுதியிருந்தது. எழுதினவங்களுக்குத்தானே எழுதினேன், எழுதினது அண்ணன்தானே, அவனுக்கே அனுப்பிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையில் நீ தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் செய்கிறேன், அருவருப்பாக இருந்தாலும் நீ நான் பெற்ற பிள்ளைதான். அப்பா தன் ஆசியையும் எழுதச் சொன்னார், உன்னோடு இப்போது பேச மாட்டாராம். பல்லைக் காட்டு. சின்னவளின் கவரை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. உட்கார்ந்து முழுசாகப் படி, படித்துவிட்டு உன் கையால் அவளுக்குப் பதில் எழுது. இதையும் அந்தப் பெட்டியில் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா