கயிறு பிடிக்க ஆளில்லாத தோணி

அன்புள்ள மச்சான்,

உங்களை இப்படி அழைப்பது இதுதான் முதல் தடவை. கோபப்பட மாட்டீர்கள் என்ற தைரியம் நேற்றுத்தான் வந்தது.

நான் செய்த பேய் கேம் ஆன்லைன் ஸ்டோரில் ஏறிவிட்டது. அட்டைப்படம்தான் இழுத்தடித்தது. ரத்தம், பல், தலைமுடி விரித்த கடல்பேய் என்று எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தேன். ஸ்டோரில் தபால்தலை அளவுக்குச் சுருங்கியதும் வெறும் சேறாகத் தெரிந்தது.

உங்கள் தங்கச்சி டெல்பின் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பேய எடுத்துருங்க. ஒரு தோணி, தண்ணிக்குள்ள இறங்குத கயிறு, அது போதும். முத்துக்குளிக்கவனுக்குப் பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் மேல தோணியில கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலிய நெனச்சு விடமாட்டான். அவனே இல்லன்னா, அதவிட என்ன பயம் வேணும்?”

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் அப்படியே வரைந்தேன். இப்போது எவ்வளவு சின்னதாகப் பார்த்தாலும் கண் அந்தக் கயிற்றில்தான் போய் நிற்கிறது.

நேற்று அவளுக்குப் போன் செய்து, “ஏளா, பிரசவத்துக்கு நான் வாரேன்” என்றீர்களாம். ரிஜிஸ்டர் ஆபீசில் நீங்கள் இல்லாமல் எங்கள் கல்யாணம் முடிந்த பிறகு, நேற்றுத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நானும்தான்.

ஆளில்லாத கயிறு இனிப் படத்தில் மட்டும் இருக்கட்டும், மச்சான்.

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்