கல்லூரி வாசலைத் தாண்டாத மெயில்கள்

“அட்டெண்டன்ஸ் போட்டுட்டு அப்பறமாத்தான் பேரைக் கூப்புடுவீங்களா சார்?” என்று ஒருநாள் உங்கள் நகரி ஊர்த் தமிழில் கேட்டீர்கள், மேடம். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனை வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. இன்று காலை பழைய டைரிக்குள்ளிருந்து உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. நம் கல்லூரி மெயில் சர்வரின் பெயர், அதற்குள் நுழைகிற வழியான போர்ட்டின் எண், அவ்வளவுதான். நீங்கள் காலமாகி ஆறு மாதம் ஆகிறது.

திருப்பதியில் நம் கல்லூரியில் அன்று மறுதேர்வுத் தேதி திடீரென்று இரண்டு நாள் முன்னதாக நகர்ந்துவிட்டது. இருபத்திரண்டு மாணவர்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். தவறவிட்டால் அவர்களுக்கு ஒரு வருடம் போய்விடும். பாதிப் பேரின் போன் எண் மாறியிருந்தது. நிரல் எழுதிப் பழக நானே செய்திருந்த வெப் அப்ளிகேஷனில் மெயில் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். எல்லாப் பெயருக்கும் எதிரில் பச்சையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. திருச்சானூரில் என் வீட்டில் சோதித்தபோதும் ஒழுங்காகப் போயிருந்தது. கல்லூரி நெட்வொர்க்கைக் கவனிக்கிற உங்களிடம் பெருமையாக வந்து காட்டினேன்.

நீங்கள் உங்கள் திரையைப் பார்த்தீர்கள். “ஒண்ணுகூட வெளிய போவல சார். எல்லாம் ஃபயர்வால்ல, நம்ம வாசல் காவல்ல, முட்டிக்கினு நிக்குது.”

“பச்சையா வந்துச்சே மேடம்?”

அப்போதுதான் அந்த அட்டெண்டன்ஸ் கேள்வியைக் கேட்டீர்கள். பொத்தானை அழுத்தியதுமே பச்சை எழுதிவிட்டு, அதன் பிறகு மெயிலை அனுப்பும்படி நான் எழுதியிருந்தேன்.

“ஒரு மணி நேரம் அந்த வழிய திறந்து வுடுங்க மேடம்.”

“மாட்டேன். ஒரு தபா லேப் மெஷின்லேர்ந்து கண்ட மெயிலும் போயி, நம்ம காலேஜ் மெயிலயே எல்லாரும் குப்பைல போட்டாங்களே, மறந்துட்டீங்களா? உங்க லெட்டர எங்கிட்ட குடுங்க. நான் அனுப்பறேன்.”

கோபம்தான் வந்தது. பிறகு புரிந்தது. கல்லூரிக் கடிதத்தை நாம் யாரும் நேராகத் தபால் பெட்டியில் போடுவதில்லை. அலுவலகத்தில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவோம். வெளியே அனுப்புவது அவர்கள் வேலை. உங்கள் மெயில் சர்வரும் அப்படித்தான். நீங்கள் எழுதிக்கொடுத்த அந்தச் சீட்டில் இருந்ததை என் அப்ளிகேஷனின் செட்டிங்கில் போட்டேன். சர்வர் வாங்கிக்கொண்டதாகப் பதில் வந்த பிறகே பச்சை எழுதும்படி மாற்றினேன்.

“மொதல்ல உங்களுக்கே ஒண்ணு அனுப்புங்க. காலேஜ் மெயிலுக்கு இல்ல, வீட்டு மெயிலுக்கு.” என் போன் ஒலித்ததும் சிரித்தீர்கள். “ஆங், இப்ப போடுங்க சார் அட்டெண்டன்ஸ்!”

இருபத்திரண்டு பேருக்கும் அனுப்பினேன். சாயங்காலம் சூளூர்பேட்டையிலிருந்து ஒரு மாணவி பதில் எழுதினாள்: ‘வெள்ளிக்கிழமைதானே என்று இருந்தேன் சார். காலை ரயிலில் வருகிறேன்.’ வந்தாள், தேர்வு எழுதினாள், இப்போது சித்தூரில் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

யாராவது ‘சொல்லியாச்சு’ என்றால், “அவங்க காதுல விழுந்துச்சா?” என்று கேட்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது. வீட்டில் அலுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அன்று நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. இப்போது சொல்கிறேன், இந்த மடலுக்கு எதிரில் பச்சை எழுத முடியாது என்று தெரிந்தும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: பலருக்கு மெயில் அனுப்புமுன், உங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ள உங்கள் சொந்த மெயில் முகவரிக்கு ஒன்றை அனுப்பி, அது வந்ததைக் கண்ணால் பாருங்கள்.