மாதுளை இன்னும் துளிர்க்கவில்லை

திருப்பூர்,
12.8.2003

அன்புள்ள நாகஜோதிக்கு,

மாதுளை துளிர்த்தால் மட்டும் கடிதம் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாய். இன்றோடு இருபத்திரண்டு நாள். துளிர்க்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். மானாமதுரைக்கு நாலு தடவை போன் போட்டேன். நாலு தடவையும் உன் தம்பிதான் எடுத்தான். அக்கா கடைக்குப் போயிருக்கு என்கிறான். அப்படி என்ன கடை அது?

தண்ணீர்த் தொட்டிக்கு உன் மாதுளையை ஒட்டிக் குழி தோண்டியது தப்புதான். ஞாயிறு வரை பொறுங்கள், செடியைப் பெயர்த்துத் தள்ளி வைக்கிறேன் என்றாய். நான் கேட்கவில்லை. கடப்பாரை பாதி வேரை அறுத்துவிட்டது. அதோடு விட்டேனா? செடிதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அந்த வாயை ஓவர்லாக் போட்டுத் தைத்திருக்க வேண்டும்.

நீ போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. வேர் காயக் கூடாது என்று கம்பெனியிலிருந்து ஒரு கட்டு பனியன் வேஸ்ட் கொண்டுவந்து, நனைத்து அடியில் திணித்தேன். எல்லாம் சிவப்புத் துணி. சாயம் இறங்கி, வாசலில் ஆடு அறுத்த மாதிரி ஆகிவிட்டது. எட்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரில் நாலு குடம் ஊற்றினேன். லைன் வீட்டில் ஒருவரும் என் முகத்தில் விழிப்பதில்லை. கை நிறைய யூரியாவும் போட்டேன். இலை கருகிக் கொட்டியதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு அயர்ன் மாஸ்டர் வேலுமணி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஏனுங்க சோணைமுத்து, காய்ச்சல்ல கெடக்கறவனுக்குப் பிரியாணி போடுவீங்களா என்றார். துணியை உருவி, யூரியா மண்ணை அள்ளி வெளியே கொட்டி, சாக்கைக் கட்டி நிழல் பண்ணச் சொன்னார். விரல் விட்டுப் பார்த்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பாதி வேரு போச்சுங்க, பாதிக் கெளையும் போகோணுமுங்க, மொட்டையும் வெட்டி உட்ருங்க என்றார்.

மொட்டை எப்படி வெட்டுவது? அந்த ஏழு மொட்டுகளையும் எண்ணிவிட்டுத்தானே தினமும் நீ செக்கிங் வேலைக்குக் கிளம்புவாய். நூறு அடுக்குத் துணியை ஒரே வீச்சில் வெட்டுகிற கை எனக்கு. இரண்டு நாள் கத்தரியோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் வெட்டினேன். திட்டுவதானால் திட்டு.

இப்போது நிற்பது நாலு குச்சி. போகிறவர் வருகிறவர் எல்லாம் பிடுங்கி எறியச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், நேற்று பிடுங்கத்தான் போனேன். கை வைக்கும் முன் ஒரு குச்சியை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தது. பிடுங்காமல் விட்டுவிட்டேன்.

துளிர்த்துவிட்டது என்று பொய் எழுதி உன்னை வரவழைக்கலாமா என்றும் யோசித்தேன். பார்த்த அடுத்த நிமிஷம் திரும்பப் பஸ் ஏறிவிடுவாய். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். துளிர்க்கவில்லை, சாகவும் இல்லை. குழியை மூடிவிட்டேன். தொட்டியை எங்கே வைப்பது என்று நீ சொல்லும்வரை கடப்பாரையைத் தொடமாட்டேன்.

உன் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மற்ற மூன்று குச்சியை நான் கீறவில்லை. அதை நீ வந்து கீறிப் பார்.

இப்படிக்கு,
சோணைமுத்து