லாக் ஃபைலில் வராத பிழை

புனே
அக்டோபர் 2005

லூர்துமேரிக்கு,

கௌதமன் செய்த தவற்றை என் தலையில் கட்டி, என் லீவை நிறுத்திவிட்டார்கள். நீ பதறாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் கிடங்கின் சரக்குக் கணக்கைத் தினமும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. அதில் வரும் பிழைச் செய்திகளும், நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலிலேயே விழும்படி வைத்திருந்தேன். காலையில் வந்ததும் அதைத்தான் படிப்பேன். புது மேனேஜர் கௌதமன், நம் வானூர்க்காரன்தான், அதை மாற்றிவிட்டான்.

"இன்னா பெரியவரே, ஃபைல் பூரா குப்பையா இருக்குது? எரர் எல்லாத்தையும் நல்லுக்குத் தள்ளிட்டேன், நிம்மதியா இருங்க."

நல் என்பது கம்ப்யூட்டரில் போட்டதெல்லாம் காணாமல் போகிற குழி.

"வாணாம்பா, டிஸ்க் ரொம்பிப் போனாகூட நமக்குத் தெரியாது" என்றேன். சிரித்தான்.

டிஸ்க் நிரம்பி நகலெடுப்பது நின்றது. லாக் ஃபைலில் ‘முடிந்தது’ என்றே வந்துகொண்டிருந்தது. போன வாரம் கணக்கு அழிந்தபோது நகலைத் தேடினால், இல்லை.

ஸ்கிரிப்டின் மேலே என் பெயர் இருப்பதால் நான்தான் பொறுப்பாம். மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டால், மகள் மலர்கொடி கல்யாணத்துக்கு லீவு தருவார்களாம். போட மாட்டேன்.

மழைக்கு முன் நம் உப்பளத்து உப்புக் குவியலுக்குக் கீற்று போட அர்ச்சுனனிடம் சொல். லீவில் ஊருக்கு வந்திருக்கும் சவரிமுத்து இங்கே திரும்பும்போது மிளகாய்த்தூளும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. யாரும் இங்கே போன் போட்டுக் கெஞ்சக் கூடாது. தை மாதம் என் இடத்தில் நின்று மலர்கொடியைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியவர் உன் அண்ணன். அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியம்