மச்சாள் திரும்பியிருந்த படங்கள்

என்ர பாசமுள்ள அண்ணை,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருசம். இங்கே பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை, நடைபாதை ஓரமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. செயின்ட்-மிஷேலில் என்ர வீட்டிலிருந்து பஸ் பிடித்து உங்கட வீட்டுக்கு வருகிறபோது, நீங்கள்தான் கதவு திறப்பீர்கள் என்று இப்பவும் ஒரு கணம் நினைத்துவிடுகிறேன். உங்கட மனுசி, மச்சாள்தான் திறக்கிறா.

உங்கட படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

ஆண்டுத் திவசத்தை ஒட்டி உங்கட ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கலாமா என்று தமிழ் மண்டபக்காரர் கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. செயின்ட்-லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய மனுசன் வீட்டுக்குள் இருந்தே இவ்வளவும் கீறினார் என்று சனம் அறியட்டும் என்று, ஓம் என்றுவிட்டேன்.

நூதனசாலைக்கு என்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பிறகு வந்த பிரெஞ்சு ஓவியர்களைக் காட்டினீர்கள். மலையையும் கடலையும் விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையையும் சுவர்த்தாளின் பூக்களையும் தையலில் குனிந்திருக்கும் மனைவியையும் கீறியவர்கள். "பார், அந்த மனுசிக்கு ஆரோ பாக்கினம் எண்ட நினைப்பே இல்லை. இதுதான் நெருக்கம்," என்றீர்கள். அதன்பிறகு நீங்கள் கீறியதெல்லாம் மச்சாளைத்தான். சீப்பால் தலை இழுக்கும் மச்சாள், வெங்காயம் உரிக்கும் மச்சாள், யன்னலோரம் உடுப்பு மடிக்கும் மச்சாள்.

போன சனிக்கிழமை படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்தேன். மச்சாள் தேத்தண்ணியோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றா.

"எவ்வளவு அன்பாக் கீறியிருக்கிறார் பாருங்கோ மச்சாள். எல்லாத்திலையும் நீங்கள்தான்."

"எல்லாத்திலையும் என்ர முதுகுதான்," என்றா.

அந்த ஓவியர்களின் முறை அது என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவ தலையாட்டவில்லை.

"முறையும் இல்லை, ஒண்டும் இல்லை. அவர் பென்சிலை எடுத்த உடன நான் மற்றப் பக்கம் திரும்பிடுவன். வேலையால வந்து சாப்பிட்டிட்டு என்னையே பாத்துக்கொண்டிருப்பார். எனக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும்! வாயைத் திறந்தா, 'அசையாதை.' இந்த வீட்டில நான் கூடக் கேட்ட சொல்லு அதுதான்."

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்த அந்த நீலச்சட்டைப் படத்தைக் காட்டினா. மடியில் டெலிபோனை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாவே, அதை.

"இது எங்கட அம்மா செத்த செய்தி வந்த நேரம். அண்டைக்கும் முதல் கீறினவர். பேந்துதான் பக்கத்தில வந்து இருந்தவர். இதைச் சனத்துக்குக் காட்டப் போறியோ?"

அது உண்மையா, அண்ணை? உங்களுக்கு அழத் தெரிந்த வழியே அதுதானோ? இல்லை, அவவின் தோளில் விழுந்திருக்கிற அந்த மஞ்சள் வெளிச்சம் போய்விடும் என்ற அவசரமா? நான் யாரைக் கேட்க?

மண்டபக்காரருக்கு போன் எடுத்து, வீட்டில் விருப்பமில்லை என்றேன். "இப்படியான படங்களைப் பூட்டி வைக்கிறது பாவமெல்லோ," என்றார்.

பிறகு நானும் மச்சாளும் படங்களைப் பழைய படுக்கை விரிப்புகளில் சுற்றி, நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோனோம். ஏறி இறங்கி அவவுக்கு மூச்சு வாங்கியது. எறிய மனமில்லை, பார்க்கவும் மனமில்லை என்றா. ஒரு சின்னப் படத்தை மட்டும் திரும்ப எடுத்தா. மேசை, இரண்டு கோப்பை, யன்னலில் பனி. ஆளில்லை.

"இது இருக்கட்டும். அண்டைக்குக் கோவிச்சுக்கொண்டு மூலையில இருக்கிற டெபானர், அந்தச் சின்னப் பலசரக்குக் கடையில போய் நிண்டனான். திரும்பி வரேக்க இதைக் கீறிக்கொண்டிருந்தவர். எனக்கும் தேத்தண்ணி ஊத்தி வைச்சிருந்தவர், ஆறிப் போச்சுது. என்னைக் காணேல்லை எண்டு அவருக்கு அண்டைக்கு எண்டாலும் தெரிஞ்சுதே."

குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் அதைத் தானே ஆணியடித்து மாட்டினா. அந்தப் படத்துக்குக் கீழே கதிரையில் இருந்து கனநேரம் அழுதா.

திவசத்துக்குப் படையலும் சாப்பாடும் மட்டும்தான், அண்ணை. அந்தப் படங்களை அவ கேட்காமல் யாருக்கும் அவிழ்த்துக் காட்ட மாட்டேன். இனிச் சனிக்கிழமைகளில் வந்து அவவுக்கு முன்னால் இருப்பேன். அவ கதைக்கட்டும். உங்களைக் குறை சொன்னாலும் முழுவதையும் கேட்பேன். இது சத்தியம்.

உங்களில் கோபமும் பாசமும் ஒரேயளவு வைத்திருக்கிற,
உங்கட கடைசித் தங்கச்சி