புழுதியில் போட்ட கம்பு

20-7-1965, செஞ்சி

வீட்டிலிருந்த கம்பு முழுவதையும் நைனா இன்று காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டார். மழை வராவிட்டால் விதையை எறும்பு இழுத்துப் போகும். கஞ்சிக்கும் வழியில்லை. நிலக்காரர் குத்தகையைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுப்பார்.

“மேகத்தையாவது பார்த்துட்டு வெதைக்கக் கூடாதா நைனா?”

“நோவா மழையப் பார்த்துட்டாடா பேழை கட்டுனாரு?”

“நோவா எவன் நிலத்துல குத்தகைக்கு இருந்தாரு?”

நைனா சிரித்தார். ஆனால் கடைசிப் பிடியை வீசுமுன் வானத்தை இரண்டு முறை அண்ணாந்து பார்த்தார். விசுவாசிக்குப் பயமே இருக்காது என்று நினைத்திருந்தேன். இவர் பயந்துகொண்டேதான் வீசினார். நான் ஏர் பிடித்து விதையை மூடினேன்.

வானத்தில் இன்னும் நட்சத்திரம்தான் தெரிகிறது. கர்த்தரே, நிலக்காரனுக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம். நைனாவுக்கு நீர் பதில் சொல்லும்.