பெயர் கிழித்த ரத்தம்

சேலையூர்
10.11.1996

அன்புள்ள கங்காவுக்கு,

ரத்தினபாய் அக்கா எழுதுவது. தேவ கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உன் பிள்ளை குப்புற விழ ஆரம்பித்துவிட்டானாமே, எனக்கு ஒரு கார்டு போடக்கூடாதா? பள்ளிக்கூடத்துச் சிநேகம் அவ்வளவுதானா?

நேரில் சொல்ல வேண்டிய சமாசாரம் ஒன்று. நான் வேலை செய்யும் லேப்பில் என்ன டெஸ்ட் என்று உன் தெருவுக்கே தெரியும். நான் உன் வாசலில் வந்து நின்றால் கதை கட்டிவிடுவார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

நீ மாசமாக இருந்தபோது செக்கப்பில் ரத்தம் எடுத்தார்களே, அந்த டெஸ்ட் முடிந்து மிஞ்சும் ரத்தம் எங்களிடம் வரும். எய்ட்ஸ் கிருமி புகுந்தால் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். அது எத்தனை பேர் ரத்தத்தில் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். யாருடையது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. அதனால் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் ஒட்டுவோம். கிழிப்பது நான்தான்.

அனகாபுத்தூர், வயது இருபத்து நான்கு என்று ஒட்டின ஒரு குப்பியில் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. அது உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆனால் உன் வயதும் அதுதானே. உன் வீட்டுக்காரரோ பம்பாய் வரை லாரி ஓட்டுகிறவர். சொல்லக்கூடாது என்று தெரிந்தே சொல்கிறேன். ஒருமுறை வந்து டெஸ்ட் எடுத்துக்கொள், கண்ணு.

அன்புடன்,
ரத்தினபாய்


அனகாபுத்தூர்
17.11.1996

ரத்தினம் அக்காவுக்கு,

லாரிக்காரன் பெண்டாட்டி என்றால் அவ்வளவு இளப்பமாகப் போய்விட்டதா? பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். “இன்னாடி, என்னையே சந்தேகப்பட்றியா?” என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை.

பெயரைக் கிழித்தவர்கள் கிழித்ததோடு விட்டிருக்கக்கூடாதா? பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் விஷத்தைக் கொடுக்கிறேனோ என்று பாதியில் பிடுங்கிவிடுவேன். நேற்றிலிருந்து புட்டிப்பால்தான். குடிக்காமல் கத்துகிறான்.

புதன்கிழமை வருகிறேன். உங்கள்மேல் கொள்ளைக் கோபம் இருக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு நீங்களே ஊசி குத்தி ரத்தம் எடுங்கள், வேறு யாரும் வேண்டாம்.

கங்கையம்மாள்


சேலையூர்
5.12.1996

என் கங்கா,

உனக்கு ஒன்றும் இல்லை. ஸ்தோத்திரம்! இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பிள்ளைக்குத் தாராளமாகப் பால் கொடு. ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் தசரதன் திரும்பியதும் அவரிடமும் மாமியாரிடமும் காட்டு. என்னை மன்னித்துவிடு.

ரத்தினபாய்


அனகாபுத்தூர்
20.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ரிப்போர்ட் வந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூத்தாடினேன். என் மாமியார் தாயாரம்மாள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணும் இல்லன்னா எதுக்குடி டெஸ்ட் எடுத்துகினு வந்தே?” என்கிறார். எனக்குத் தட்டும் டம்ளரும் தனி. குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைப்பதில்லை. இல்லை என்று எழுதிக் கொடுத்ததற்கே இந்தக் கதி.

எதிர்வீட்டுச் சரசு மட்டும் வருகிறாள். நேற்று என் டம்ளரை வாங்கி மிச்சம் இருந்த டீயைக் குடித்துவிட்டு, “போய்ச் சேரட்டும் கழுதைங்க, நீ அழுவாதே” என்று என் தலையைப் பின்னிவிட்டாள். சிரித்துவிட்டேன்.

அவள் போன பிறகுதான் திக்கென்றது. அது என் ரத்தம் இல்லை என்றால் யாருடையது? அன்றைக்குச் செக்கப்புக்கு நானும் சரசுவும் சேர்ந்துதான் வந்தோம். அவளுக்கும் என் வயதுதான். அவள் புருஷன் மாரி தறியை விட்டால் வீடு, வீட்டை விட்டால் தறி. ஊரைத் தாண்டாத மனிதர். ஆனால் அவள் குழந்தைக்கு எடையே ஏறவில்லை. வாயெல்லாம் வெள்ளைப் புண். அவளிடம் சொல்லட்டுமா?

கங்கா


சேலையூர்
28.12.1996

அன்புள்ள கங்காவுக்கு,

சொல்லாதே. ஊகத்தை வைத்துக்கொண்டு உன் வீட்டில் நான் கொளுத்திப் போட்டது போதும். அந்த வயதில் உங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே. அந்தக் கிருமி தொட்டால் ஒட்டாது, எச்சில் டீயில் ஒட்டாது, அதை மறக்காதே.

நான் சொல்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. கனவில் பெண்கள் வரிசையாக வந்து, “எம்பேரைக் குடுக்கா” என்று கை நீட்டுகிறார்கள். ஒருத்தி முகமும் தெரிவதில்லை. விழித்துக்கொண்டால் அம்மா பயப்படுகிறாள் என்று சும்மா படுத்திருக்கிறேன்.

ரத்தினபாய்


அனகாபுத்தூர்
16.2.1997

அக்கா,

சரசுவின் குழந்தை செவ்வாய்க்கிழமை போய்விட்டது. வயிற்றுப்போக்கு என்றார்கள். டாக்டரிடம் காட்டு என்று நான் சொன்னேன். காட்டினாள், மருந்து கொடுத்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை.

துக்கத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், “கங்கா, எப்டித் தூங்குது பாருடி” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். என் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. இரண்டு கையையும் நீட்டியபடி அப்படியே நின்றாள். அவள் கையில் குழந்தைக்குத் தடவின மஞ்சள் இருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஒட்டாது என்று நீங்கள் எழுதினதெல்லாம் எனக்கு மனப்பாடம் அக்கா. உடம்பு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சாவு வீட்டுக்குப் போய் வந்த தீட்டு என்று மாமியார் நினைத்துக்கொண்டார். நான் எதற்காக அப்படித் தேய்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். தூ, நான் ஒரு மனுஷியா?

அங்கே எல்லாரும், “வயசு கீது, அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்கலாம்” என்று அவளைத் தேற்றினார்கள். அவளும் தலையாட்டினாள். அந்தப் பிள்ளைக்கும் இதே கதி வந்தால்? அதைக் கேட்ட பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் வாருங்கள். தெரு என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஊகம்தான் என்பதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தால் இனிமேல் அவள் நம்பமாட்டாள்.

கங்கா